நுண்ணலை உணரியால் கருவாட்டு உப்பை அளத்தல்: தொடக்கநிலைச் செய்முறை

உணவிலுள்ள ஈயம், கட்மியம், இரசம் (பாதரசம்) போன்ற, மிகச் சிறிதளவே இருக்கும் சுவட்டு மூலகங்களை நுண்ணலையால் தேட விரும்புவோர், திருகோணமலைச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் கருவாட்டின் உப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. கருவியும் அதன் தொல்லைகளும் இரண்டுக்கும் ஒன்றே.

முதலில் 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள எஃப்ஆர்-4 செப்புப் பலகையில் (மின்சுற்றுகளுக்குப் பயன்படும், செப்புப் பூசிய கண்ணாடியிழைப் பலகை), 3 மில்லிமீற்றர் அகலமும் 11 மில்லிமீற்றர் சராசரி ஆரமும் கொண்ட வளையமொன்றை அரித்தெடுங்கள். வளையத்தின் சுற்றளவு, பலகையில் செல்லும் அலையின் நீளத்துக்குச் சமமாகும்போது பரிவு நிகழும்; அதாவது, வளையம் அந்த மீடிறனில் மிக வலுவாக அதிரும். இந்த அளவுக்கு அது ஏறத்தாழ 2.4 கிகாஹேட்ஸில் அமையும். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வரும் இரு ஊட்டுப் பட்டைகள் (அலையைக் கொண்டுவந்து செல்லும் செப்புக் கோடுகள்) வளையத்தைத் தொடாமல் மிகச் சிறிய இடைவெளி விட்டு முடிய வேண்டும். மின்புலம் அங்கேதான் வலுவாக இருக்கும் என்பதால், மெல்லிய கண்ணாடிக் குழாயை ஓர் இடைவெளியின் அருகில் வளையத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். அதன் பின் குழாயை அசைக்காமல், கரைசலை மட்டும் ஊசியால் மாற்றுங்கள்.

அளப்பதற்கு 3 கிகாஹேட்ஸ் வரை செல்லும் நனோவிஎன்ஏ (வளையத்தைக் கடக்கும் அலையை மீடிறன் வாரியாக வரைந்து காட்டும் சிறு கருவி) போதும். மலிவான பழைய வகை 1.5 கிகாஹேட்ஸோடு நின்றுவிடும் என்பதை வாங்குமுன் கவனியுங்கள். வடங்களின் முனையில் அளவுத்திருத்தம் செய்து, காய்ச்சி வடித்த நீரையும், லீற்றருக்கு 1, 2, 5, 10 கிராம் உப்புள்ள கரைசல்களையும் வரிசையாக அளந்து, பரிவு மீடிறனையும், வரைபில் அங்கே தோன்றும் உச்சியின் அகலத்தையும் குறியுங்கள். உப்புக் கூடக்கூட அயன்கள் ஆற்றலை விழுங்குவதால் உச்சி தாழ்ந்து அகலும்; மீடிறன் சிறிதளவே நகரும்.

பெரும்பாலோர் இடறுவது வெப்பநிலையில்தான். பரிவு மீடிறனைத் தீர்மானிக்கும் நீரின் சார் அனுமதித்திறன் (மின்புலத்துக்கு நீர் எவ்வளவு இணங்குகிறது என்பதன் அளவு) 25 பாகை செல்சியசில் சுமார் 78. ஒரு பாகை கூடினால் அது 0.35 அளவு குறையும். லீற்றருக்கு 1 கிராம் உப்புச் சேர்ப்பதால் ஏற்படும் குறைவு இதிலும் சிறியது. கச்சான் எனும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில், காலையில் எடுத்த அளவையும் மதியத்தில் எடுத்த அளவையும் ஒரே வரைபில் போட்டால், நீங்கள் வரைந்தது உப்பையல்ல, வெயிலையே. எல்லாக் கரைசல்களையும் ஒரே நீர்த்தொட்டியில் வைத்து, ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்பும் பின்பும் காய்ச்சி வடித்த நீரை அளந்து, கரைசலுக்கும் அந்த நீருக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

பிறகு 10 கிராம் கருவாட்டை அரைத்து 100 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, வடிகட்டி அளவிடுங்கள். மீன் புரதமும் நீரில் கரைவதால், உப்பின் குளோரைட்டை அளக்கும் வெள்ளி நைத்திரேற்று நியமிப்பால் விடையைச் சரிபார்ப்பது அவசியம்.

இனி இரசத்துக்கு வருவோம். சூரை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த எல்லை கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம். அது நாம் அளந்த மிகக் குறைந்த உப்புச் செறிவின் (லீற்றருக்கு 1 கிராம்) ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலும், வெறும் வளையத்துக்கு எந்த அயன் கரைந்திருக்கிறது என்று பிரித்தறியத் தெரியாது. குறித்த அயனை மட்டும் பற்றிக்கொள்ளும் படலத்தை அதன்மேல் பூசிய பின்னரே மூலகத்தின் பெயரைச் சொல்ல முடியும். அப்போதும் மூலகங்களை அவை உறிஞ்சும் ஒளியால் அளக்கும் ஆய்வுகூடக் கருவியான அணு உறிஞ்சல் நிறமாலைமானியோடு ஒப்பிடாத முடிவை ஏற்கக்கூடாது.