புது மேஜை வாசனை அடித்தால் முதலில் ஜன்னலைத் திறங்கள்

விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் அன்று வகுப்பறைக்குள் நுழைந்தால் புதுப் பெயின்ட், புது மேஜை வாசனை தூக்கலாக அடிக்குமே, அதைப் பலர் "ஆகா, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெயின்ட்டிலிருந்தும் பசையிலிருந்தும் ஆவியாகிற ரசாயனம் அது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள்.

முதலில் பலகையைப் பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் இரண்டிலும் மரத்தூளைச் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்கிற வாயு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் கசியும், சூடும் ஈரப்பதமும் ஏற ஏறக் கசிவும் கூடும். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு மட்டும் இல்லை, இது மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் அறைக் காற்றுக்கு வைத்திருக்கும் வரம்பு, 30 நிமிடச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம்.

அதனால் வாங்கும்போதே இரும்பு அல்லது முழு மரத்தில் கேளுங்கள், முடியாவிட்டால் ஈ1 தரமாவது (ஃபார்மால்டிஹைடு குறைவாகக் கசியும் பலகைக்கான ஐரோப்பியத் தரம்) இருக்கட்டும். ஏற்கெனவே வாங்கியாயிற்றா? சரி, மேஜையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். லேமினேட் ஒட்டிய மேல்பக்கம் ஓரளவு அடைபட்டிருக்கும், வெட்டிய விளிம்பும் மூடாத அடிப்பக்கமும்தான் அதிகம் கசியவிடும். அங்கே எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டுங்கள், அல்லது வாசனை குறைந்த சீலர் பூசுங்கள்.

பெயின்ட் வேலையைப் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளாமல் விடுமுறையின் முதல் வாரத்திலேயே முடியுங்கள் (இதற்குக் காசே செலவில்லை, ஆனால் இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம்). புது அலமாரியின் உறையைப் பிரித்து, கதவு, இழுப்பறை எல்லாம் திறந்து காற்றோட்டமான இடத்தில் சில வாரம் போட்டுவையுங்கள். அப்புறம், தினமும் பிள்ளைகள் வருவதற்கு முன்பே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள், ராத்திரி முழுக்கச் சேர்ந்தது வெளியே போகட்டும்.

கார்ப்பெட் இருந்தால் எடுத்துவிடுவதே நல்லது. வினைல் தரையிலிருந்து வரும் தாலேட்டுகள் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனங்கள்) தூசியில் தங்கும், அதைப் பெருக்கிக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.

ரூம் ஃப்ரெஷ்னர் அடிக்காதீர்கள். அதிலுள்ள எலுமிச்சை வாசனைப் பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் அதுவே ஃபார்மால்டிஹைடு உண்டாக்கும். நான்கு தொட்டிச் செடி வைத்தாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். ஏர் ப்யூரிஃபையரில் ஹெப்பா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், வாயுவுக்குக் கார்பன் ஃபில்டர் தனியாக வேண்டும். மலிவான ஃபார்மால்டிஹைடு மீட்டர் வாங்கினால் சானிடைசர், மார்க்கர் பேனா பக்கத்தில் வைத்து அளக்காதீர்கள், ஆல்கஹால் பட்டாலே எண் எகிறிவிடும்.