ஆண்ட்ராய்டு செயலியில் மெமரி லீக்கைப் பிடிப்பது எப்படி?

வேலை முடிந்த ஆப்ஜெக்ட்டை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருப்பதால் அது நினைவகத்தை விட்டுப் போகாமல் கிடப்பதுதான் மெமரி லீக். சந்தேகப்படும் திரைக்குள் போய் பேக் பட்டனில் வெளியே வாருங்கள். பத்து முறை செய்யுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ப்ரொஃபைலரில் குப்பைத்தொட்டி ஐகானை அழுத்தி, பயன்படாத நினைவகத்தைக் காலிசெய்யும் கார்பேஜ் கலெக்‌ஷனை ஓட விடுங்கள். பிறகு ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் வழி) 'டம்ப்சிஸ் மெம்இன்ஃபோ' கட்டளையைச் செயலியின் பேக்கேஜ் பெயரோடு கொடுத்து, 'ஆக்டிவிட்டீஸ்' (நினைவகத்தில் உள்ள திரைகள்) எண்ணைப் பாருங்கள். ஒரே ஆக்டிவிட்டி திறந்திருக்க 11 என்று காட்டினால் லீக் இருக்கிறது. மெமரி கிராஃப் ஏறுவதை மட்டும் நம்பாதீர்கள், படங்களின் கேஷாலும் அது ஏறும்.

ஆப்ஜெக்ட்டை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதை லீக்கேனரி என்ற லைப்ரரி காட்டும். அதை டீபக் பில்டில் (சோதனைக்கான பதிப்பு) மட்டும் சேருங்கள். அழிந்த ஆக்டிவிட்டி 5 நொடி கழித்தும் நினைவகத்தில் இருந்தால் அது குறித்துக்கொள்ளும். செயலி திரையில் இருக்கும்போது அப்படி 5 ஆப்ஜெக்ட் சேர்ந்த பிறகே ஹீப் டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுக்கும். அவசரமென்றால் ஹோம் பட்டனை அழுத்துங்கள், ஒன்று இருந்தாலே எடுத்துவிடும். வரும் ட்ரேஸில் (எது எதைப் பிடித்திருக்கிறது என்ற சங்கிலி) அலைக்கோடு போட்ட வரிகளை மட்டும் படித்தால் போதும், குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

பெரும்பாலும் சிக்குவது ஃபிராக்மென்ட் (திரையின் ஒரு பகுதி) பைண்டிங், அதாவது அதன் வியூக்களைச் சுட்டும் ஆப்ஜெக்ட். பேக் ஸ்டாக்கில் (பின்னால் திரும்ப வைத்திருக்கும் அடுக்கு) ஃபிராக்மென்ட் உயிரோடு இருக்கும், அதன் வியூ மட்டும் அழியும். பைண்டிங் வேரியபிள் பழைய வியூ முழுவதையும் பிடித்துக்கொள்ளும். 'ஆன்டெஸ்ட்ராய்வியூ'வில் அதை நல் (வெற்று) ஆக்குங்கள். செயலி முழுக்க ஒன்றே இருக்கும் சிங்கிள்டனுக்கு ஆக்டிவிட்டி கான்டெக்ஸ்ட் வேண்டாம், அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் கொடுங்கள். பதிவுசெய்த லிசனரை நீக்குங்கள். ஆப்ஜெக்ட்டைப் பிடித்து வைக்காத வீக் ரெஃபரன்ஸ் போட்டு மூடுவது தீர்வே அல்ல.

திருத்தியதும் அதே பத்து சுற்றை மறுபடி ஓட்டி எண்ணைப் பாருங்கள்.