“எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, தம்பி”

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கணினியை விண்டோஸ் 11 ஏற்க மறுக்கவே, பலர் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமாகிய லினக்ஸ் பக்கம் திரும்பிவிட்டார்கள். கம்பத்தில் இருக்கும் என்னிடம் குமுளியிலிருந்தும் வண்டன்மேட்டிலிருந்தும் ஜீப்பில் சிபியூவைக் கொண்டுவருகிறார்கள். வருபவர்களில் பாதிப் பேர் நான் செய்த தவறுகளை வரிசை மாறாமல் செய்துவிட்டே வருகிறார்கள். கடவுச்சொல்லை மறப்பது, பென் டிரைவைப் பாதியில் உருவுவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை ஒரு முறை பட்டாலே தெளிந்துவிடும்.

டி டிரைவை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. போன மழைக்காலத்தில் ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். வீடியோ பார்த்துத் தாமே லினக்ஸ் போட்டிருந்தார். கூலி, உரம், மருந்துச் செலவு, புற்றடி ஏலத்தில் காய் போன விலை என ஏழு வருடக் கணக்கு அந்தக் கணினியில் இருந்தது. “காப்பு நகல் எடுத்தீர்களா?” என்று கேட்டேன். “எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, தம்பி. அதை எப்படித் திறப்பது என்றுதான் கேட்க வந்தேன்” என்றார்.

திறப்பதற்கு அங்கே டி டிரைவே இல்லை.

இந்த நம்பிக்கையை வளர்த்தவர்கள் நம் ஊர்க் கணினிக் கடைக்காரர்கள். ஒரே வன்தட்டை சி, டி, ஈ என்று பிரித்துக் கொடுப்பார்கள். வைரஸ் வந்தால் சி-யை மட்டும் அழித்து விண்டோஸை மறுபடி போடுவார்கள், டி தப்பிக்கும். இருபது வருடமாக இதையே பார்த்தவருக்கு, டி என்பது தனிப் பெட்டி என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அது ஒரே வயலில் போட்ட வரப்பு. வயலையே உழுதால் வரப்புக்கு அந்தப் பக்கமும் சேர்ந்துதான் போகும். லினக்ஸ் நிறுவும்போது முன்னால் வந்து நிற்கும் ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்ற தெரிவு அந்த உழவைத்தான் செய்கிறது. அங்கே சி, டி என்ற பெயர்களும் கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 (sda1, sda2) என்பது போல இருக்கும். பெயர் புரியாவிட்டால் அளவை வைத்து அடையாளம் காணுங்கள். அப்போதும் குழப்பம் என்றால் நிறுத்திவிடுங்கள்.

அவரைத் திட்ட எனக்குத் தகுதி இல்லை. 2009-இல் தங்கையின் கல்யாணப் படங்களை இதே வழியில் அழித்தவன் நான். பழைய காந்த வட்டு என்பதால், அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் மூலம் பெரும்பகுதியை மீட்டேன். ஆனால் கோப்புப் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாலி கட்டும் படத்துக்கு அடுத்து பழனி மொட்டை, அதற்கடுத்து யாரோ அனுப்பிய பூனை. அடுக்கி முடிக்க ஒரு மாதம் ஆனது. தோட்டக்காரரின் கணினியில் இருந்ததோ எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சில்லு வட்டு. அதில் நிறுவும்போதே ‘இந்த இடமெல்லாம் காலி’ என்று வட்டுக்குச் சொல்லப்பட்டுவிடும். பிறகு தோண்டினாலும் பெரும்பாலும் ஒன்றும் வராது. அவருக்கும் வரவில்லை.

ஆகவே வெளியே தனி வட்டு ஒன்று வாங்கி, அதில் நகல் எடுங்கள். அதை இன்னொரு கணினியில் செருகி நான்கு கோப்புகளையாவது திறந்து பாருங்கள். லினக்ஸ் நிறுவும்போது அந்த வட்டு கணினியில் செருகியிருக்கவே கூடாது, பீரோவில் இருக்கட்டும். ஏற்கெனவே அழித்துவிட்டவர்கள் உடனே கணினியை அணைத்துவிடுங்கள். மேற்கொண்டு எழுதப்படும் ஒவ்வொரு கோப்பும் பழையதன் மேல் போய் விழலாம்.

பிட்லாக்கர் சாவி

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே, பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டால் வட்டு பூட்டப்பட்டிருக்கும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், எதையும் மாற்றுமுன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள்.

பாமினிக் கடிதங்கள்

பழைய தமிழ்க் கோப்பு லினக்ஸில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால், கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருதான் இல்லை. அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய விண்டோஸிலிருந்து முன்கூட்டியே எடுத்துவைத்து, லினக்ஸில் போட்டால் லிப்ரே ஆபிஸ் என்ற ஆவண மென்பொருளில் வாசிக்க முடியும். புதிதாகத் தட்டச்சு செய்வதை ஒருங்குறியில் (யூனிகோட்), தமிழ்99 விசைப்பலகையில் செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் கை தடுமாறத்தான் செய்யும்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் பல வகை உண்டு. நீங்கள் போட வேண்டியது மின்ட். வாரம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

டேலி

அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. தொழிலே அதை நம்பி இருந்தால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்காமல் நிறுவுவது

பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். நீங்களாக எதையும் மாற்றாதவரை வட்டு அப்படியே இருக்கும். வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் அங்கேயே சோதித்துவிடுங்கள்.

தோட்டக்காரருடன் அன்று அவருடைய பேத்தியும் வந்திருந்தாள். குமுளியில் ஒன்பதாம் வகுப்பு. கேரளப் பள்ளிகளில், அந்த மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் குனு/லினக்ஸில்தான் பிள்ளைகள் கணினி பழகுகிறார்கள். நாங்கள் இருவரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “தாத்தா, நிறுவுவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டர் கேபிளைத் தேடத் தொடங்கினேன்.