காசிமேட்டுக்குக் கேமராவோடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வடசென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். மீன் வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவே கழுத்தில் கேமரா தொங்க நாலைந்து பேராவது நிற்பார்கள். பல வருடங்களாக நானும் அதில் ஒருவன். ஐஸ் பெட்டி தூக்கி வருகிறவருக்கு வழிவிடாமல் நிற்பது, ஏலம் நடக்கும்போது நடுவில் போய் லென்ஸை நீட்டுவது எல்லாம் சின்னத் தவறுகள். "இன்னாபா, ஓரம் போ" என்று ஒரு அதட்டு விழுந்தால் சரியாகிவிடும். அதட்ட ஆளில்லாத தவறுகள்தான் பெரியவை.

அதில் முதல் தவறு, வீட்டிலிருந்து கிளம்பும்போதே படத்தை முடிவு செய்துவிடுவது. வடசென்னை என்றால் கறுப்பு வெள்ளை, சுருக்கம் விழுந்த முகம், சட்டை போடாத பையன், பின்னால் புகைபோக்கி. இந்தப் பட்டியலோடு ரயிலேறினால் கண்ணில் படுவதெல்லாம் அதுவாகத்தான் இருக்கும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் தங்கம் வென்ற காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளை எண்ணி மாளாது. ஆனால் கேமராக்காரர்கள் தேடி வருவது அவர்களை அல்ல.

நானும் பட்டியலோடு போனவன்தான். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் சுற்றுச்சுவர் ஓரம் ஒரு பையன் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். பின்னால் குப்பை மலை, மேலே பருந்துகள். எடுத்தேன். அன்றிரவே முகநூலில் போட்டேன், 'குப்பையில் தொலைந்த குழந்தைப் பருவம்' என்று ஒரு வரியும் சேர்த்து. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். படம் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றிச் சுற்றி அவன் தெருவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. நான்கு நாள் கழித்து அவனுடைய சித்தி எப்படியோ என் எண்ணைப் பிடித்துக் கூப்பிட்டார். "எங்க புள்ள எட்டாவது படிக்குது சார். கிரிக்கெட் பந்து பொறுக்கப் போச்சு. குப்பை பொறுக்கப் போவல." பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். நான் படம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைக்கூட யோசிக்கவில்லை.

படத்தை நீக்கினேன், மன்னிப்புக் கேட்டேன். பகிரப்பட்ட பிரதிகளை என்ன செய்ய முடியும்? இந்த விஷயத்தில் சட்டமும் உண்டு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிற குழந்தையின் அடையாளம் தெரியும்படி படம் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் எழுதிய வரி உண்மையாக இருந்திருந்தால் அந்தப் படத்தைப் போட்டதே குற்றமாகியிருக்கலாம். பொய்யாகப் போனதால் அது அவதூறு. எப்படிப் பார்த்தாலும் தப்பிக்க வழியில்லை.

இன்னொன்று. அந்தக் குப்பை வடசென்னையின் குப்பை மட்டுமல்ல. அண்ணா நகர் மண்டலத்துக் குப்பையும் லாரி ஏறி கொடுங்கையூருக்குத்தான் வருகிறது. படத்தில் குப்பை போட்டவர் வருவதே இல்லை. பக்கத்தில் குடியிருக்கிறவர்தான் வருகிறார்.

அடுத்தது, 'பொது இடம்தானே' என்ற வாதம். பொது இடத்தில் நிற்கிறவரைப் படம் எடுக்கக் கூடாது என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை, அது சரிதான். ஆனால் புளியந்தோப்பின் சந்துகளில் பொது இடம் எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் என்றால் துணி துவைப்பதும், தலை வாருவதும், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதும், வெயில் காலத்தில் படுத்துத் தூங்குவதும் தெருவில்தான். அங்கே தெரு என்பது வீட்டின் இன்னொரு அறை. பெரிய வீட்டில் இருக்கிறவருக்கு மறைத்துக்கொள்ளச் சுவர் இருக்கிறது. இவர்களுக்கு இருப்பது, பார்க்காதது போல நடந்துபோகிற அக்கம்பக்கத்தாரின் நாகரிகம் மட்டும்தான். கேமராவோடு நுழைகிறவர் முதலில் உடைப்பது அதைத்தான்.

அடிபம்பு அருகே நைட்டியும் தோளில் துண்டுமாகத் தண்ணீர் அடிக்கிற அக்காவை எத்தனை பேர் எடுத்திருப்போம்! அதே அக்கா ரேஷன் கடைக்குப் போவதானால்கூடப் புடவை மாற்றிக்கொண்டுதான் போவார். எந்தக் கோலத்தில் வெளியுலகத்துக்கு முன் வர வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவர் என்னிடம், "மூஞ்சி வராம எடு தம்பி, பொண்ணுக்கு இடம் பாத்துனு இருக்கோம்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அது தோன்றியிருக்கவே இருக்காது.

சரி, முகத்தை மங்கலாக்கிவிட்டால் போதாதா? பெரும்பாலும் போதாது. கதவின் நிறம், மாடிப்படி, புடவை, கூட நிற்கிற நாய் எல்லாம் தெருக்காரர்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை போட்டாலோ ஏதோ வழக்கில் சிக்கியவர் மாதிரி ஆகிவிடுகிறது. வேண்டாம் என்றால் எடுக்காமல் விடுவதுதான் வழி. முதுகுப் பக்கமாகவோ, கையை மட்டுமோ எடுப்பது அவர் ஒப்புக்கொண்டால்தான்.

இவ்வளவு சொன்னதால் கேமராவை மூடி வைத்துவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. அதுவும் ஒரு தவறுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவர்கள் படகில் உட்கார்ந்து பக்கெட்டாலும் மக்காலும் அதை அள்ளினார்கள். வலை, படகு, நண்டு, நாரை எல்லாம் கறுப்பு. அந்தப் படங்கள்தான் ஊர் முழுக்கப் பேச வைத்தன. உடம்பெல்லாம் எண்ணெயோடு நிற்பவரைப் படமெடுப்பது அவமானப்படுத்துவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தனக்கு நடந்ததை ஊருக்குக் காட்ட நினைக்கிறவர் தானாகவே கையை நீட்டுவார். அப்போது நாகரிகம் பார்த்து ஒதுங்கினால் அவர் பேச்சைக் கேட்காமல் போவதாகிவிடும். இரக்கத்தை விட விருப்பத்தைக் கேட்பது முக்கியம் என்பது என் கட்சி.

கேட்பது என்றால் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டுவதல்ல. எங்கே போடப் போகிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லிக் கேட்பது. "கண்காட்சியில் வைப்பேன், பேப்பரிலும் வரலாம்" என்றால் பலருடைய பதில் மாறுகிறது. காசு கொடுப்பதா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்பது மட்டும் தெளிவு. அடுத்த வாரம் அவர்கள் போஸ் கொடுத்தபடி காத்திருப்பார்கள்.

கடைசியாக, "போட்டோ தரேன்" என்று சொல்லிவிட்டுத் தராமல் போவது. இது உள்ளூர்ப் பழக்கம் மட்டுமல்ல. 1936-இல் கலிபோர்னியாவில் பட்டாணி வயல் ஓரம் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாயை அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் பெயரை லாங்கே கேட்டுக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று குறிப்பு எழுதினார்; அப்படி விற்கவே இல்லை என்றது குடும்பம். அந்தத் தாய் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை, தருவதாகச் சொன்ன பிரதியும் வரவில்லை என்பது அவருடைய வருத்தம்.

என்னிடமும் இதே கடன் இருந்தது. பெண்ணுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அக்காவிடம், முகம் வராமல் எடுத்த படத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். எட்டு மாதம் கழித்து பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல யாருன்னே தெரியலியே. இத மாட்டி இன்னா பண்றது? இரு" என்று உள்ளே போனார். முகம் கழுவி, பவுடர் போட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்தார். பம்பு பக்கத்தில் வரிசையாக இருந்த குடங்களைக் காலால் ஓரம் தள்ளினார். கையை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டு, ஆதார் கார்டுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார்.

"இப்ப எடு."