எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்கு வீட்டில் 20 நிமிடப் பயிற்சி

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையை மக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம், அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. மூளையில் எழுத்தின் பிம்பம் புரண்டுவிடுவதே காரணம் என்று 1925-ல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் கருதினார். சிக்கல் பெரும்பாலும் பார்வையில் இல்லை, சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு கோக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் இருவரும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில், ஒலிப் பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் வைத்துப் படித்த குழந்தைகளே அதிகம் முன்னேறினார்கள். அதனால் வாயும் கண்ணும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி பயிற்சி இருக்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் கண், காது இரண்டையும் சோதித்துவிடுங்கள். அடுத்து, பள்ளிக்கு எத்தனை நாள் வந்திருக்கிறான் என்று பாருங்கள். பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூரு போகும்போது கூடவே போய், மாதக்கணக்கில் பாடம் விட்ட பிள்ளைக்குத் தேவை விட்ட பாடம்தான். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இன்னொன்றும் உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைக்குத் தமிழ்ச் சொல்லே புதிதாக இருக்கலாம். கீழே சொல்லும் ஒலி விளையாட்டை வீட்டு மொழியிலும் ஆடிப் பாருங்கள். அதில் சரளமாக இருந்தால் தமிழில் பேச்சும் கதையும் கூட்டினால் போதும். இரண்டு மொழியிலும் தடுமாறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சோதனைக்குத் தாள் வேண்டாம். ‘அவரை’யில் ‘அ’வை எடுத்தால் என்ன மிஞ்சும்? ‘பூமாலை’யில் ‘பூ’வை எடுத்தால்? எட்டு வயதில் இது சட்டென்று வர வேண்டும். அடுத்தது கடினம்: ‘மாடு’ என்பதில் ‘ம்’ ஒலியை மட்டும் எடுத்தால் ‘ஆடு’, ‘தேன்’ என்பதில் ‘த்’ போனால் ‘ஏன்’. இது நம் எழுத்துமுறையில் மெதுவாகத்தான் வரும். கன்னடக் குழந்தைகளிடம் ஆய்வாளர் சொனாலி நாக் செய்த, 2007-ல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. எனவே இரண்டாவது மட்டும் வரவில்லை என்று பயப்பட வேண்டாம்.

பிறகு ‘தமூகி’, ‘பெலாறு’, ‘கோணிசை’ போலப் பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள். பாடப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்வான். பக்கத்தின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் சொன்னாலும் தெரிந்துவிடும். தவறுகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ல-ள-ழ, ர-ற குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ‘கொ’வைப் பார்த்துக் ‘கெ... ஆ’ என்று பிரித்துப் படிப்பது, குறிலும் நெடிலும் நாள்தோறும் மாறுவது, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது, இவைதான் முக்கியம்.

பயிற்சி தினம் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள். டியூஷன் முடித்துக் களைத்து வரும் இரவு எட்டு மணிக்கு வைத்தால் பலன் இல்லை, காலையில் வையுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒலி விளையாட்டு. அடுத்த ஏழு நிமிடம் அட்டை. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் 18 உயிர்மெய் அகர எழுத்துகளையும், துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு போன்ற குறிகளைத் தனித்தனித் துண்டுகளிலும் எழுதுங்கள். துண்டை எழுத்தோடு சேர்த்து வைக்கும்போதே பிள்ளை உரக்கச் சொல்ல வேண்டும். முதலில் துணைக்கால், பிறகு கி-கீ வரிசை, அதன் பின் கொம்புகள். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இந்த முரண்தான் பலருக்கு இடறும் இடம், இரண்டு வாரம் ஆனாலும் ஆகட்டும். கு-கூ வரிசை கடைசியில். கு, சு, து, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைவதால் துண்டு ஒட்டாது, 36 அட்டை தனியாக வேண்டும்.

ஒரு நாளைக்குப் புதியது நான்கு, பழையது எட்டு, அதற்கு மேல் போகாதீர்கள். கெ-கே, ந-ன போலக் குழப்பும் ஜோடியை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் இரண்டும் கலந்துவிடும். ஒன்று உறுதியான பிறகே மற்றது. ‘பத்துத் தடவை எழுது’ என்ற இம்போசிஷனை நிறுத்துங்கள். மூன்றாவது தடவைக்குமேல் வாய் பேசாது, கை மட்டும் ஓடும். கேழ்வரகு பரப்பிய தட்டில் விரலால் எழுதுவது நல்லதே, ஆனால் ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான். பிறகு ஐந்து நிமிடம் நீங்கள் சொல்ல அவன் எழுதட்டும்.

கடைசி ஐந்து நிமிடம் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. 30 முதல் 40 சொல் போதும். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு அவன் மூன்று தடவை. தமிழ்ச் சொல் நீளமாக ஒட்டி வரும். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதைப் பென்சிலால் ‘வந்து/கொண்டி/ருந்தார்/கள்’ என்று கோடிட்டுப் பிரித்துக் கொடுங்கள், மூன்றாவது வாசிப்பில் கோட்டை அழித்துவிடுங்கள். ஆங்கிலத்துக்குச் சொல்லும் ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ அளவு இங்கே பொருந்தாது. பிள்ளையின் சென்ற வார வேகத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டால் போதும். தடுமாறினால் மூன்று விநாடி பொறுத்திருந்து, அந்த எழுத்தின் ஒலியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லாதீர்கள்.

வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி, ஞாபகசக்தி டானிக் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். கண் சிகிச்சைகள் டிஸ்லெக்சியாவைத் தீர்ப்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர், கண் மருத்துவர் சங்கங்கள் 2009-லேயே கூட்டாகச் சொல்லிவிட்டன.

நான்கு மாதம் விடாமல் செய்தும் அசைவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். உங்கள் குறிப்பு நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவரிடம் காட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உண்டு. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூருவின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பக்கம். டிஸ்லெக்சியாவையும் சேர்த்த ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2018-ல் வந்த வழிகாட்டுதலில் சான்று 8 வயதிலிருந்து, 14-லும் 18-லும் மறுமதிப்பீடு என்று இருந்தது. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்கலாம், தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அதுவரை அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை நீங்களே வாசித்துக் காட்டி, பதிலை வாயால் வாங்குங்கள்.