டல்லடேகா பந்தயத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்லாண்டாவிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் அலபாமாவின் டல்லடேகா பந்தயத் தடம் வந்துவிடும். 1969-ல் திறக்கப்பட்ட இந்தத் தடத்தின் ஒரு சுற்று 2.66 மைல். அமெரிக்காவின் ஸ்டாக் கார் (சாலைக் கார்களின் தோற்றம் கொண்ட பந்தயக் கார்) பந்தய அமைப்பான நாஸ்கார் பந்தயம் நடத்தும் வளையத் தடங்களில் இதைவிட நீளமானது வேறில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, வசந்த காலத்தில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக, முதல்நிலை ஸ்டாக் கார் பந்தயம் இங்கே நடக்கிறது. ஜார்ஜியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம் என்பதால், பலர் பெரிதாக எதையும் யோசிக்காமல் காரில் ஏறிவிடுகிறார்கள். தொல்லைகள் அங்கேதான் தொடங்குகின்றன. மூன்றரை மணி நேரக் காட்சி என்று நினைத்துப் போகிறார்கள். உண்மையில் அது முழுநாள் வேலை; மழை வந்தால் இரண்டு நாள்.

முதல் தவறு கடிகாரத்தில் நடக்கிறது. ஜார்ஜியாவில் கிழக்கு நேரம், அலபாமாவில் மத்திய நேரம். மாநில எல்லையைத் தாண்டியதும் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். ஆனால் தொலைக்காட்சி அட்டவணைகள் பெரும்பாலும் கிழக்கு நேரத்தையே போடுகின்றன. அதில் 3 மணி என்று இருந்தால் டல்லடேகாவில் அப்போது மணி 2. கைப்பேசியைப் பார்த்து இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நிதானமாக நடந்து வருகிறவர்கள், பச்சைக்கொடி அசைந்த பிறகுதான் இருக்கையைத் தேடுவார்கள். டிக்கெட்டில் உள்ள உள்ளூர் நேரத்தை மட்டும் நம்புங்கள். அதற்கும் நான்கு மணி நேரம் முன்னதாகவே வாகன நிறுத்துமிடத்தில் இருக்கும்படி கிளம்புங்கள். நெடுஞ்சாலையிலிருந்து தடத்துக்கு இறங்கும் 168, 173 ஆகிய வெளிவழிகளில் (எக்ஸிட்) பந்தய நாளன்று வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அத்தனை பேர் கூடும் இடத்தில் கைப்பேசி அலைவரிசையும் திணறும். டிக்கெட்டுகளை வீட்டிலேயே இறக்கிச் சேமித்துக்கொள்வது நல்லது.

இருக்கை விஷயத்தில் கிரிக்கெட் மைதானப் பழக்கம் இங்கே உதவாது. கம்பி வேலிக்கு அருகே உட்கார்ந்தால் கிட்டத்தில் பார்க்கலாம் என்று முன்வரிசை டிக்கெட் வாங்குகிறவர்கள் உண்டு. அங்கிருந்து தெரிவது ஒரு நொடி வண்ணக் கோடு மட்டுமே. டயர்களிலிருந்து உதிரும் ரப்பர் துகள்கள் வேறு கண்ணிலும் சாப்பாட்டிலும் வந்து விழும். எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போங்கள். எதிர்ப்புறத்து நேர்பாதையும் 33 டிகிரி சாய்ந்த வளைவுகளும் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் அகப்படும். தடத்தின் நடுத்திடலில் முகாமிடும் டிக்கெட்டும் உண்டு. அங்கே இரவுக் கொண்டாட்டம் பெரியவர்களுக்கானது. சிறு பிள்ளைகளோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். அமெரிக்க அரசின் பணியிட நல ஆய்வு அமைப்பான நையாஷ் 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் எஞ்சுவது 15 நிமிடம். இது வளர்ந்த தொழிலாளிகளுக்கான கணக்கு. நாற்பது கார்கள் ஒன்றாகப் பாயும்போது கேலரியில் அந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது, பந்தயமோ மணிக்கணக்கில் ஓடுகிறது. உள்காதின் நுண்மயிர் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப வளர்வதில்லை. காதில் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும் என்று நினைப்பது பெரும் தவறு.

பெரியவர்களுக்கு நுரைக் காதடைப்பான் போதும், ஆனால் அதைப் பொருத்தும் விதம் பலருக்குத் தெரிவதில்லை. விரல்களுக்கு இடையே மெல்லிய குச்சிபோல உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செருகி, அது விரிந்து நிறையும்வரை அரை நிமிடம் விரலால் தாங்க வேண்டும். உங்கள் குரலே உங்களுக்கு உள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தால் சரியாகப் பொருந்திவிட்டது என்று அர்த்தம். குழந்தைகளின் காதுத் துளை சிறியது. அவர்களுக்குத் தலைக்கு மேல் மாட்டும் காதுக்கவசம் வேண்டும். அதைப் பந்தயத்தன்று முதல்முறையாக மாட்டினால் பத்தே நிமிடத்தில் பிடுங்கி எறிவார்கள். சில நாள் முன்பிருந்தே வீட்டில் மிக்ஸி ஓடும்போதெல்லாம் மாட்டிப் பழக்குங்கள். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருவதே நல்லது.

என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு தவறுதான். 188 சுற்றுகள், 500 மைல். விஷயம் புரியாவிட்டால் இருபதாவது சுற்றிலேயே பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம் என்பார்கள். புறப்படும் முன் ஒரு கதை சொல்லி வையுங்கள். 1987-ல் பில் எலியட் இங்கே தகுதிச் சுற்றில் மணிக்கு 212.809 மைல் வேகம் தொட்டார். அதே பந்தயத்தில் பாபி அலிசனின் டயர் வெடித்து, கார் எழும்பிப் பார்வையாளர் வேலியைக் கிழித்தது, சிலர் காயமடைந்தார்கள். அதன் பிறகு, 1988 முதல், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைத்து வேகத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். எல்லோருடைய ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால் யாராலும் தனியே பிய்த்துக்கொண்டு ஓட முடிவதில்லை. முன்னால் போகும் கார் காற்றைப் பிளந்து தர, பின்னால் வருவது அந்த நிழலில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவேதான் இங்கே கார்கள் கும்பலாகவே சுற்றுகின்றன, ஒன்று தடுமாறினால் இருபது சிக்குகின்றன. அப்படி ஒரு பெரிய மோதல் நடக்கலாம் என்பதையும், பாதுகாப்பு ஏற்பாடுகள் பலமானவை, ஓட்டுநர்கள் பெரும்பாலும் தாங்களே இறங்கி வந்துவிடுவார்கள் என்பதையும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் புகையைப் பார்த்து அழுதுவிடுவார்கள்.

ஆளுக்கு ஒரு காரைத் தேர்ந்துகொள்ளட்டும். ஸ்கேனர் ஒன்றையும் வாடகைக்கு எடுங்கள், வீண்செலவு அல்ல. ஓட்டுநரும் அவர் குழுவும் பேசிக்கொள்வதைக் கேட்க உதவும் கருவி அது. அதன் ஹெட்போனே காதையும் காக்கும். உயரத்தில் நின்று தடத்தைக் கவனிக்கும் ஸ்பாட்டரின் குரல் விடாமல் ஒலிக்கும்: "இன்சைட்... ஸ்டில் தேர்... ஸ்டில் தேர்... கிளியர்!" உள்பக்கம் ஒரு கார் இருக்கிறது, இன்னும் இருக்கிறது, இப்போது வழி காலி என்று பொருள். அந்தக் கடைசிச் சொல் வந்த கணமே நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கார் வரிசை மாறும். இதைக் கண்டுகொண்ட பிள்ளை பிறகு இருக்கையை விட்டு எழாது.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. 14 அங்குலத்துக்கு மிகாத துணிவகைக் குளிர்ப்பை ஒன்றைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். புளியோதரையும் உறைந்த தண்ணீர் பாட்டில்களும் தாராளமாகப் போகும். கண்ணாடி பாட்டில் கூடாது. விதிகள் மாறக்கூடியவை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு இடமே வைக்காமல் திட்டமிடுவது அடுத்த பெரிய தவறு. இந்தக் கார்களின் டயர்களில் வரிப்பள்ளம் கிடையாது. ஈரமான சாய்வில் பிடி இருக்காது. மழை நின்று தடம் காயும்வரை காத்திருப்பார்கள், முடியாவிட்டால் மறுநாளுக்குத் தள்ளுவார்கள். 2021 அக்டோபரில் அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் திங்களுக்குப் போனது. அதிலும் 117 சுற்றுகளில் மறுபடி மழை வந்து நிற்க, பாதிக்கு மேல் ஓடியாயிற்று என்பதால் முன்னிலையில் இருந்த பபா வாலஸ் வென்றதாக அறிவித்தார்கள். 1963-ல் வெண்டல் ஸ்காட் வென்ற பிறகு கறுப்பின ஓட்டுநர் ஒருவர் முதல்நிலைப் பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி அது. ஞாயிறே வீடு திரும்பியவர்கள் அதை நேரில் காணவில்லை. குடைக்குப் பதில் ஆளுக்கொரு மழை அங்கி வாங்குங்கள், ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றை முன்பதிவு செய்யுங்கள்.

காத்திருக்கும் அந்த நேரத்தில், அல்லது வரும் வழியிலேயே, ஆனிஸ்டனில் நிற்கலாம். 1961 மே 14 அன்று, பஸ்களில் இன ஒதுக்கலை எதிர்த்துப் பயணம் செய்தவர்களின் பஸ்ஸை வெள்ளையர் கும்பல் ஒன்று தீயிட்டது அந்த ஊருக்கு வெளியேதான். இப்போது அந்த இடம் தேசிய நினைவிடம். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடியை நாஸ்கார் 2020-ல் தன் நிகழ்ச்சிகளில் தடை செய்தது. தடத்துக்கு வெளியே சாலையோரம் அது இன்னும் கண்ணில் படலாம். பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டியதை ஆனிஸ்டனிலேயே சொல்லிவிடலாம்.

கடைசிச் சுற்று முடிந்ததும் எல்லோரும் காரை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். மிச்சமிருக்கும் சாப்பாட்டை வாகன நிறுத்துமிடத்திலேயே விரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படுங்கள். காலையில் எல்லையில் கிடைத்த ஒரு மணி நேரம் திரும்பும்போது போய்விடும் என்பதால் வீடு சேர நள்ளிரவு நெருங்கலாம். ஓட்டுவதற்கு இரண்டு பேர் இருக்கட்டும், திங்களன்று பள்ளிக்கு விடுப்பையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.