கிளஸ்டரில் ஓப்பன்சீஸ் நிறுவுவது எப்படி

சுமத்ராவில் பெரிதாக நிலம் ஆடினால், அலையின் வேகமான அதிர்வுகள் வரும் வழியிலேயே தேய்ந்துபோகும். மெதுவாக நீண்டு ஆடும் அலைகள்தான் சிங்கப்பூர் வரை வந்து, கல்லாங் பக்கத்து மென்மையான கடல் களிமண்ணில் பெருகி, உயரமான புளோக்குகளை ஆட்டுகின்றன. சுமத்ராவில் 2009இல் நடந்த பாடாங் நிலநடுக்கம் இங்கேயும் உணரப்பட்டது. இப்படிப்பட்ட நில அதிர்வுகளின் பதிவுகள் நீளமானவை, அதிலும் நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படி ஆடும் என்று கணக்கிடும் ஓப்பன்சீஸ் மென்பொருளில் பல பதிவுகளைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால்தான் லேப்டாப்பை விட்டு, பல கணினிகள் சேர்ந்து இயங்கும் கிளஸ்டருக்குப் போகிறோம்.

கம்பைல் செய்வதற்கு (மூல நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றுவதற்கு) முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பெர்க்கிலியில் உருவான ஓப்பன்சீஸில் சாதாரண ஓப்பன்சீஸ், ஓப்பன்சீஸ்எஸ்பி, ஓப்பன்சீஸ்எம்பி என்று மூன்று வகை உண்டு. சாதாரண ஓப்பன்சீஸ் ஒரே பிராசஸில் (கணினியில் தனியாக ஓடும் ஒரு நிரலாக) ஓடும். எஸ்பி, ஒரு பெரிய மாடலைத் தானே துண்டாக்கிப் பல பிராசஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். எம்பியில் எல்லா பிராசஸும் உங்கள் ஸ்கிரிப்டை முழுதாக ஓட்டும், யார் எதைச் செய்வது என்று நீங்கள்தான் எழுத வேண்டும். ஒரே கட்டடத்துக்கு ஐம்பது நிலநடுக்கப் பதிவுகள் என்றால் எம்பிதான் சரி, ஆளுக்கொரு பதிவு என்று பிரித்துவிடலாம். பலர் 'பெரிய மாடலுக்கு' என்பதைப் பார்த்து எஸ்பிக்குப் போகிறார்கள், பெரும்பாலும் தேவையில்லை.

சரி, நிறுவுவோம். லாகின் நோடில் கம்பைல் செய்யாதீர்கள், அது எல்லோரும் நுழையும் வாசல். சிங்கப்பூரின் தேசிய சூப்பர்கம்ப்யூட்டரான ஆஸ்பயர் 2ஏ மாதிரி, வேலைகளை வரிசைப்படுத்தும் பிபிஎஸ் உள்ள இடத்தில், நேரடியாகக் கட்டளை அடிக்கக்கூடிய இன்டராக்டிவ் ஜாப் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சி கம்பைலரான ஜிசிசி, ஃபோர்ட்ரான் கம்பைலர், பில்ட்டை வழிநடத்தும் சிமேக், பிராசஸ்கள் ஒன்றோடொன்று பேச உதவும் எம்பிஐ ஆகியவற்றின் மாட்யூல்களை (கிளஸ்டரில் தயாராக வைத்திருக்கும் மென்பொருள்களை) ஏற்றுங்கள், ஏற்றியதை வெர்ஷனோடு ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள். கிட்ஹப்பிலிருந்து மூல நிரலை எடுத்து, கோனன் மூலம் மற்ற லைப்ரரிகளை வரவழையுங்கள். கோனன் 1க்கும் 2க்கும் ஒத்துப்போகாது, நீங்கள் எடுத்த நிரலின் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே பைதான் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டுக்குள் போடுங்கள். எஸ்பிக்கும் எம்பிக்கும், சமன்பாடுகளைப் பல பிராசஸ்களில் தீர்க்கும் மம்ப்ஸ், ஸ்கேலாபேக் லைப்ரரிகள் இரண்டும் தேவை. மம்ப்ஸைத் தனியாகக் கட்டி, அது இருக்கும் இடத்தை சிமேக்கிடம் சொல்லிவிட்டு, வேண்டிய வகையை மட்டும் பில்ட் செய்யுங்கள். இடம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: தற்காலிக வேலைக்கான ஸ்கிராட்ச் ஃபோல்டரில் பழைய ஃபைல்களை நிர்வாகம் அழித்துவிடுவது வழக்கம், அதனால் ஹோமிலோ புராஜெக்ட் ஃபோல்டரிலோ நிறுவுங்கள்.

அப்புறம் சோதனை. பிராசஸ் எண்ணையும் மொத்த எண்ணிக்கையையும் அச்சிடும் இரண்டு வரி ஸ்கிரிப்டை எட்டு பிராசஸில் ஓட்டுங்கள். எட்டும் "நான் 0, மொத்தம் 1" என்று சொன்னால், பெரும்பாலும் கம்பைல் செய்த எம்பிஐ வேறு, ஓட்டுகிற எம்பிஐ வேறு. எழுதி வைத்த மாட்யூல் பட்டியல் இப்போதுதான் கைகொடுக்கும்.

ஜாப் ஸ்கிரிப்டில் மூன்றை மறக்காதீர்கள். பிபிஎஸ் ஜாப் ஹோமில்தான் தொடங்கும், உங்கள் ஃபோல்டருக்கு நீங்களே மாற வேண்டும். ஓப்பன்எம்பி (மேலே சொன்ன எம்பி வகை அல்ல, ஒரு பிராசஸுக்குள் பல திரெட்களை ஓட்டும் முறை) திரெட் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு பிராசஸும் பல திரெட்களைக் கிளப்பி ஒரே பிராசசர் கோருக்கு முட்டிமோதும். மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம்: எம்பியில், முடிவுகளை எழுதும் ரெக்கார்டரின் ஃபைல் பெயரில் பிராசஸ் எண்ணோ பதிவின் எண்ணோ கட்டாயம் இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே ஃபைலில் எழுதி, பிழைச் செய்தியே இல்லாமல் முடிவுகள் நாசமாகும்.